நகை வடிவமைப்பாளரின் விசாக் கோப்பில் ஒரு குறும்படம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் தென் தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா வந்தவர். முப்பதுகளின் தொடக்கத்தில் இருக்கிறார். நகையும் ஆடையும் வடிவமைப்பது தொழில், எப்போதாவது நடிப்பார். நான் வழக்கறிஞர் இல்லை. கலைஞர்களின் கணக்கு வழக்கையும் ஆதாரங்களையும் தொகுத்துக் குடியேற்ற வழக்கறிஞரிடம் சேர்ப்பது என் வேலை. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் விட்டுவிட்டேன்.

2018இல் மாணவர் விசாவில் நியூயார்க் வந்து வடிவமைப்பில் முதுகலை படித்தார். 2020இல் படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற 12 மாத வேலை அனுமதி கிடைத்தது. அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு அதற்கு மேல் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. இவர் படிப்புக்கு அது கிடையாது. அதனால் 2021 கோடையில் ஓ-1பி விசாவுக்கு மாறினார்.

ஓ-1பி, கலைத் துறையில் மற்றவர்களைவிடத் தனித்துத் தெரியும் அளவுக்குப் பெயர் எடுத்தவர்களுக்கானது. விருது ஏதும் பெரிதாக இல்லாவிட்டால், விதியில் உள்ள ஆறு வகை ஆதாரங்களில் மூன்றையாவது காட்டவேண்டும். ஒரு மனுவுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. கலைஞர் தன் பெயரிலேயே மனுப் போட முடியாது. அமெரிக்க நிறுவனமோ முகவரோ போடவேண்டும். யார் யாரிடம், என்னென்ன வேலை என்ற பட்டியலும் மனுவோடு போகும். அந்தப் பட்டியலுக்கு வெளியே செய்யும் வேலைக்கு இந்த விசா காவல் இல்லை. பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான்.

அவர் செய்வது பரதநாட்டிய நகைத் தொகுதிகளை இன்றைய உடைகளோடு பொருந்தும்படி எடை குறைத்து மறுவடிவமைப்பது. வரைபடமும் மெழுகு மாதிரியும் இங்கே அவர் கையில் உருவாகும். வெள்ளித் தகட்டில் கெம்புக்கல் பதித்துத் தங்க முலாம் பூசும் வேலை நாகர்கோவில் வடசேரியில் ஒரு பட்டறையில் நடக்கும். அங்கே கோயில் நகை செய்வது பரம்பரைத் தொழில். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. நியூஜெர்சியில் அரங்கேற்றம் வைக்கும் குடும்பங்கள், மணப்பெண்கள், இரண்டு மூன்று கடைகள் என்று வாடிக்கை மெதுவாக வளர்ந்தது.

நடிப்பு எங்கிருந்து வந்தது

படிக்கும் காலத்தில் பக்கத்துத் துறை மாணவர்களின் குறும்படங்களில் முகம் காட்டியிருக்கிறார். அவற்றில் ஒன்று 2020 பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. அடுத்த மாதம் நியூயார்க் முழுவதும் மூடப்பட்டது. படத்தொகுப்பும் ஒலிச்சேர்க்கையும் அப்படியே நின்று, 2022இல்தான் ஒரு சிறிய விழாவில் படம் திரையிடப்பட்டது. அதற்குள் இவர் ஓ-1பி விசாவில் ஓராண்டு கடந்திருந்தார். அப்போது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளக் காரணமும் தெரியவில்லை.

இது தவிர, ஒரு தமிழ் அமைப்பின் ஆண்டு நாடகத்தில் மேடையேறுவார். லாப நோக்கமற்ற அமைப்பு. மேடைக்காரர் முதல் ஒப்பனைக்காரர் வரை யாருக்கும் சம்பளம் இல்லை. ஒரு முறை பெட்ரோல் செலவுக்கென்று ஏதோ கொடுத்திருக்கிறார்கள். அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

2024 ஜனவரி: அக்கா வேடம்

ஹாலிவுட் நடிகர் சங்கத்தின் வேலைநிறுத்தம் 2023 நவம்பரில் முடிந்தபின் தேங்கிக் கிடந்த பல படங்கள் நகரத் தொடங்கின. அப்படி ஒரு சிறு தயாரிப்பில், புலம்பெயர்ந்த குடும்பத்தின் மூத்த மகள் வேடத்துக்கு இவரைக் கேட்டார்கள். நான்கு நாள் வேலை, நாள் கணக்கில் ஊதியம். மேடையில் இவரைப் பார்த்தவர் ஒருவர் சொன்ன சிபாரிசு. அன்று மாலையே தொலைபேசியில் சரி என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாளில் ஒப்பந்தத்தோடு ஐ-9 படிவம் வந்தது. வேலைக்கு எடுக்கும் எவரும் நிரப்பவேண்டிய, வேலை செய்யும் உரிமையை உறுதிசெய்யும் படிவம் அது. அதற்கு இவரால் காட்ட முடிந்தது பாஸ்போர்ட்டும், எந்த விசாவில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவும்தான். ஆனால் அந்த இரண்டும் மனுவில் அனுமதி பெற்ற வேலைக்கு மட்டுமே செல்லும். கையிலிருந்த ஒப்புதல் கடிதத்தில் மனுதாரராக முகவரின் பெயர் இருந்தது. படக் கம்பெனி எங்குமே இல்லை. அங்கேதான் பேனா நின்றது. எனக்கு அழைத்து அவர் கேட்ட முதல் கேள்வி: “நாலு நாள்தானே அக்கா? சம்பளமே வேண்டாம்னு சொல்லிட்டா சரியாயிடாதா?”

எடுத்த முடிவும் காரணமும்

சரியாகாது. பணம் கொடுத்துச் செய்விக்கும் வேலையைச் சும்மா செய்தாலும் அது வேலைதான். அந்த வேடத்துக்குச் சம்பளம் ஒதுக்கியிருந்தார்கள். லாபத்துக்கு இயங்கும் நிறுவனம் தொண்டர்களை வைத்து அதை நிரப்புவது தொழிலாளர் சட்டத்துக்கும் ஆகாது. சம்பளத்துக்குப் பதிலாக, நகை வியாபாரத்துக்கென்று இவர் வைத்திருக்கும் எல்.எல்.சி. என்ற சிறு நிறுவனத்துக்குக் கட்டணமாகத் தரலாமே என்று தயாரிப்புத் தரப்பில் ஒருவர் சொன்னார். இது நான் அடிக்கடி கேட்கும் யோசனை. பணம் எந்தக் கணக்கில் விழுகிறது என்பதல்ல பிரச்சினை, கேமரா முன் நின்றது யார் என்பதுதான்.

முறையான வழி ஒன்று உண்டு: படக் கம்பெனியே இவருக்காகத் தனி ஓ-1பி மனுப் போடுவது. ஆனால் திரைப்படம், தொலைக்காட்சிக்கு அளவுகோல் வேறு. கலைத் துறைக்குத் தனித்துவம் போதும். திரைக்கு அசாதாரண சாதனை காட்டவேண்டும். நடிகர் சங்கத்திடமும் தயாரிப்பாளர் தரப்பு அமைப்பிடமும் தனித்தனியே கருத்துக் கடிதம் வாங்கவேண்டும். இவருடைய நடிப்புக் கணக்கில் இருந்தவை மாணவர் குறும்படங்களும் சமூக நாடகமும். விரைவுப் பரிசீலனைக்கு மட்டும் அப்போது 2,500 டாலர். நான்கு நாள் வேலைக்கு எந்தத் தயாரிப்பாளரும் அதற்கு இறங்கமாட்டார். மனு தோற்றால் அந்த மறுப்பு இவருடைய கோப்பில்தான் உட்கார்ந்திருக்கும்.

கலைஞருக்கு மனுப் போட்டவர், அதே தரத்திலான கூடுதல் நிகழ்ச்சிகளைத் திருத்த மனு இல்லாமலே சேர்த்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. அதைக் காட்டி நடிப்பையும் சேர்க்கலாமா என்று யோசித்தோம். வழக்கறிஞர் மறுத்துவிட்டார். அந்தச் சலுகை வடிவமைப்பாளராக இன்னொரு கண்காட்சிக்குப் போவதற்குப் பொருந்தும். வேறொரு தொழிலுக்குத் தாவுவதற்கு அல்ல.

கடைசியில் வேடத்தை விட்டுவிட்டார். நகை மட்டும் போனது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. படத்துக்கென்றே நகை வடிவமைத்துப் படப்பிடிப்புத் தளத்தில் நின்று வேலை பார்த்தால் அதுவும் திரைத் துறை வேலையாகப் பார்க்கப்படலாம். அதனால் ஏற்கெனவே செய்து வைத்திருந்த நகைகளை, மனுவின் பட்டியலில் இடம்பெற்ற அவருடைய எல்.எல்.சி. மூலம் வாடகைக்குக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு நெற்றிச்சுட்டி, ஒரு கெம்பு அட்டிகை, இரண்டு ஜோடி ஜிமிக்கி. ஒவ்வொன்றின் எடை, முன்பக்கப் படம், பின்பக்கப் படம், முன்பணம் எல்லாம் ரசீதில் ஏறின. தளத்துக்கு அவர் போகவில்லை. எப்படி அணிவிப்பது என்பதைப் படத்தோடு ஒரு தாளில் எழுதி அனுப்பினார். படப்பிடிப்பில் ஒரு ஜிமிக்கியின் திருகு தொலைந்து, யாரோ மெழுகு வைத்து ஒட்டிக் காட்சியை முடித்திருக்கிறார்கள். புதுத் திருகுக்கான தொகை முன்பணத்தில் கழிந்தது. அற்ப வரவுதான். ஆனால் பின்னால், இது நகை வாடகை வியாபாரம்தான் என்று எந்தக் கடிதத்தையும்விட அந்த ஒற்றை வரி தெளிவாகச் சொன்னது.

வேடத்தை விட்டதில் அவருக்கு வருத்தம் இருந்தது. அதை இங்கே சொல்லாமல் விட்டால் முடிவு ஏதோ சுலபமாக எடுத்தது போலத் தோன்றும்.

இடையில் வந்த முத்திரைச் சிக்கல்

விசா 2024 ஜூலையில் முடிவதாக இருந்தது. நீட்டிப்பு மனுவுக்கு, வணிக வெற்றியைக் காட்ட ஒரு கடையின் கொள்முதல் கடிதம் தேவைப்பட்டது. பிப்ரவரி கடைசியில் அந்தக் கடை நகைப் பெட்டியையே திருப்பி அனுப்பியது. காரணம், வடசேரிப் பட்டறை ஒவ்வொரு நகையின் பின்னாலும், வெள்ளியின் தூய்மையைக் குறிக்கும் 925 என்ற எண்ணைத் தட்டியிருந்தது. பக்கத்தில் வேறு எதுவும் இல்லை.

இந்தியாவிலோ இங்கிலாந்திலோ உள்ளதுபோல அமெரிக்காவில் ஹால்மார்க் நிலையம் கிடையாது. சோதித்து முத்திரை குத்தும் அரசு நிறுவனம் இல்லாததால் பொறுப்பு முழுவதும் விற்பவர் தலையில். 1906ஆம் ஆண்டின் தங்க வெள்ளி முத்திரைச் சட்டம், அதற்கு 1961இல் வந்த திருத்தம் ஆகியவற்றின்படி, தரத்தைக் குறிக்கும் எண்ணைப் போட்டால் அதற்குப் பொறுப்பேற்பவரின் அடையாளத்தையும் போடவேண்டும். பதிவான அல்லது பதிவுக்கு விண்ணப்பித்த வணிகக்குறியாக இருக்கலாம், பெயராகவும் இருக்கலாம். 925 என்று போடாமலே விற்கலாம், தடையில்லை. போட்டுவிட்டால் யார் சொல்வது என்று தெரியவேண்டும்.

எந்தப் பெயரைப் போடுவது? இவருக்கு மூன்று பெயர்கள். நம்மில் பலரைப்போல இவருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர். அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய், முதற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில், முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கமான எஃப்.என்.யு. என்று அச்சாகியிருந்தது. நகைக்கு ஒரு பிராண்டுப் பெயர். குறும்படத்தில் அப்பா பெயரைப் பின்னால் சேர்த்து மூன்றாவது ஒன்று. பிராண்டுப் பெயருக்கு வணிகக்குறி விண்ணப்பம் போட்டு அதையே பொறிப்பது என்று முடிவானது. அட்டிகையின் கொக்கிக்குப் பின்னால் லேசரில் எளிதாகப் பொறித்துவிட்டார்கள். ஜிமிக்கியில் இடமே இல்லை. தோட்டின் பின்தகட்டில், கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும் அளவில், இரண்டு எழுத்துச் சுருக்கம் வந்தது. அந்தச் சுருக்கத்தையும் விண்ணப்பத்தில் சேர்த்தோம்.

இந்த வேலையில் மார்ச் ஓடிவிட்டது. ஏப்ரல் 1 முதல், இந்த மனுவுக்கான ஐ-129 படிவத்தின் புதிய பதிப்பு கட்டாயமானது. சலுகைக் காலம் இல்லை. நிரப்பி வைத்த பழைய படிவத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதவேண்டியிருந்தது. 460 டாலராக இருந்த கட்டணம், சிறு மனுதாரருக்கான சலுகைக்குப் பிறகும் 530, அதோடு புகலிடத் திட்டக் கட்டணம் 300. விரைவுப் பரிசீலனையும் அதற்குள் 2,805 ஆகியிருந்தது. பொறிக்காத இரண்டு எழுத்துக்கு இவ்வளவு செலவா என்று அவர் கேட்டது நியாயம்தான்.

கூடுதல் ஆதாரம் கேட்ட கடிதம்

மனு ஏப்ரலில் போனது. விரைவுப் பரிசீலனையில் 15 வேலை நாளுக்குள் ஏதாவது ஒரு பதில் வரவேண்டும். வந்தது ஒப்புதல் அல்ல, ஆர்.எஃப்.இ. எனப்படும் கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம். மூன்று கேள்விகள். இரண்டு வழக்கமானவை: கடைகளின் தகுதி, வரும் ஆண்டுகளின் வேலைப் பட்டியல். மூன்றாவது கேள்வி குறும்படத்தைப் பற்றியது. இணையத் திரைப்படப் பட்டியல் ஒன்றில் 2022 என்ற ஆண்டோடு இவர் நடிகையாக இருக்கிறார். ஓ-1பி காலத்தில் அனுமதியில்லாத வேலை செய்தாரா, விசா நிபந்தனைகளைக் காத்துக்கொண்டாரா என்று விளக்கும்படி கேட்டிருந்தார்கள். பதில் தர 84 நாள்.

திரைப்படப் பட்டியல்கள் காட்டுவது படம் வெளிவந்த ஆண்டை. எடுத்த ஆண்டு அங்கே பெரும்பாலும் இருக்காது. ரசிகனுக்கு அது போதும். வேலை அனுமதியைப் பார்க்கும் அதிகாரிக்கு அதே எண் வேறு கதை சொல்கிறது.

அவருடைய முதல் எண்ணம் அந்தப் பதிவை நீக்கச் சொல்வது. வழக்கறிஞர் கண்டிப்பாகத் தடுத்தார். அதிகாரி ஏற்கெனவே பார்த்துவிட்ட ஒன்றைக் கேள்விக்குப் பிறகு நீக்கினால், இல்லாத குற்றத்துக்கு நாமே சாட்சி சொல்வதுபோல் ஆகும். நடித்தது உண்மை, அதை ஒப்புக்கொண்டு தேதியை நிறுவுவது என்று முடிவெடுத்தோம்.

பதிலைக் கட்டிய விதம்

நான்கு வருடத்துக்கு முந்தைய மாணவர் படம். இயக்குநர் வேறு மாநிலத்துக்குப் போயிருந்தார், ஒளிப்பதிவாளர் நாட்டிலேயே இல்லை. முதலில் கிடைத்தவை வாட்ஸப் படங்கள். அவற்றில் தேதி நம்பும்படி இல்லை. அனுப்பும்போது படத்தின் உள்விவரம் போய்விடுகிறது. அப்புறம் இயக்குநரின் பழைய மின்னஞ்சலில் படப்பிடிப்பு அட்டவணை கிடைத்தது. 2020 பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு. இவருடைய பெயர், வரவேண்டிய நேரம், “உங்கள் நகையையே போட்டுக்கொண்டு வாருங்கள்” என்ற குறிப்பு. கேமராவின் மூலக் கோப்புகள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. அவற்றில் பதிவான தேதி அட்டவணையோடு ஒத்துப்போனது. படம் வகுப்புப் பணியாக எடுக்கப்பட்டது, யாருக்கும் ஊதியம் இல்லை என்று பேராசிரியர் கல்லூரித் தாளில் எழுதிக் கொடுத்தார். இயக்குநர் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். அந்த மாதத்துக்கும் 2022இல் படம் வெளியான மாதத்துக்கும் வங்கிக் கணக்கு விவரம் சேர்த்தோம்.

அதோடு முடியவில்லை. அதிகாரி பார்த்த பெயர் வேறு, மனுவில் உள்ள பெயர் வேறு. மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று தனியாக ஒரு பிரமாணப் பத்திரம், பாஸ்போர்ட் நகல், வணிகக்குறி விண்ணப்பம், படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலின் நிழற்படம். முத்திரைக்காகப் போட்ட விண்ணப்பம் இங்கே உதவியது. பாஸ்போர்ட் பெயரும் பிராண்டுப் பெயரும் ஒரே அரசுத் தாளில் இருந்தது அதில் மட்டும்தான்.

கேட்காததையும் சொல்வதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. நாடகத்தைப் பற்றி அதிகாரி கேட்கவில்லை. விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். வழக்கறிஞரோ, நடிப்பைப் பற்றிய விளக்கம் என்று தலைப்பிட்டுவிட்டு ஒன்றை மட்டும் சொல்வது சரியில்லை என்றார். அவர் சொன்னபடியே, சம்பளமில்லாத நாடகம் என்று அமைப்பிடமிருந்து ஒரு கடிதம், பெட்ரோல் செலவு திருப்பித் தந்ததாக ஒரு வரி. படக் கம்பெனிக்கு நகை வாடகைக்குக் கொடுத்த ரசீதும் திருகுக் கணக்கும் கூடப் போயின. வேடம் வந்ததையும் மறுத்ததையும் காட்டும் மின்னஞ்சலும் சேர்ந்தது.

விளைவு

ஜூன் நடுவில் பதில் போனது. பதில் போய்ச் சேர்ந்ததும் விரைவுப் பரிசீலனையின் 15 வேலை நாள் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஜூலை முதல் வாரத்தில் ஒப்புதல் வந்தது. பழைய வேலையின் தொடர்ச்சியாக மட்டும் காட்டியிருந்தால் ஓராண்டு நீட்டிப்புதான். புதிய கண்காட்சிகளும் புதிய கடை ஒப்பந்தங்களும் பட்டியலில் இருந்ததால் 3 ஆண்டு கிடைத்தது. திருப்பி அனுப்பிய கடையும் முத்திரையோடு நகைகளை வாங்கிக்கொண்டது. நகை வாடகைக்கு வேறு இரண்டு படக்குழுக்கள் கேட்டு வந்தன.

2024 இறுதியில் கிரீன் கார்டுக்கான முதல் படி, அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான இ.பி.-1ஏ மனு. இதை அவரே தன் பெயரில் போடலாம். இதில் நடிப்பைச் சேர்த்துப் பன்முகக் கலைஞர் என்று காட்டலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். சேர்க்கவில்லை. கொரியாவில் பேஸ்பால் ஆடிப் பெயர் பெற்ற ஒருவர் இங்கே பயிற்சியாளராக வர முயன்றபோது, ஆடுவதும் பயிற்றுவிப்பதும் ஒரே துறையல்ல என்ற மறுப்பை 2002இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் சரி என்றது. அப்படிப் பார்க்கிறவர்களிடம் நகையும் நடிப்பும் ஒரே திறமை என்று வாதாடுவது வீண் வேலை. ஆதாரம் முழுவதும் நகை, ஆடை. நடிப்பு, தன்விவரத்தின் கடைசியில் தேதியோடு ஒரு வரி.

மனு ஒப்புதல் ஆனது. ஆனால் வரிசை நகரவில்லை. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 விழுக்காடுதான் என்பதால் இந்தியாவில் பிறந்தவர்கள் இந்தப் பிரிவிலும் காத்திருக்கிறார்கள். கணக்கில் வருவது பிறந்த நாடு. யாழ்ப்பாணத்தில் பிறந்த அவருடைய தோழிக்கு, அதே மாதிரி வேலை, அதே மாதிரிக் கோப்பு, வரிசை இல்லை. வரிசை வந்து இறுதி விண்ணப்பம் போட்டபின் கிடைக்கும் பொது வேலை அனுமதி அட்டை இருந்தால் நான்கு நாள் வேடத்தை யாரிடமும் கேட்காமல் ஏற்கலாம். அதுவரை முடியாது.

மாற்றிக்கொண்டவை

இப்போது இவரும், இவரைப்போல இரண்டு கலை வைத்திருக்கும் மற்ற வாடிக்கையாளர்களும், எந்தப் படத்தில் தலைகாட்டினாலும் அன்றைக்கே மூன்றை எடுத்து வைக்கிறார்கள்: அட்டவணை, ஊதியம் உண்டா இல்லையா என்ற மின்னஞ்சல், கேமராவிலிருந்து நேராக எடுத்த ஒரு கோப்பு. திரைப்படப் பட்டியலில் பெயர் ஏறும்போது எடுத்த ஆண்டையும் குறிப்பில் போடச் சொல்கிறோம். எல்லோரும் போடுவதில்லை, கேட்ட மின்னஞ்சலாவது இருக்கும். கோப்பின் முதல் பக்கத்தில் பெயர்களின் அட்டவணை. வடசேரிக்குப் போகும் ஒவ்வொரு ஆர்டரிலும் 925க்கு முன்னால் எந்த எழுத்து வரவேண்டும் என்பது வரைபடத்திலேயே இருக்கிறது. தமிழ் அமைப்பும் இப்போது பெட்ரோல் பணத்துக்குச் சீட்டு எழுதுகிறது.

மாறாமல் இருப்பது ஒன்று. வாய்ப்பு வந்ததும் முதலில் சரி என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் அழைக்கிறார். இதைத் திருத்துவது என் கையில் இல்லை.

இப்போதைய நிலை

அண்மையில் ஒரு சிறு நாடகக் குழு, சம்பளத்தோடு, மேடை வேடம் கேட்டிருக்கிறது. மேடை திரைத் துறைக்குள் வராது. கலைத் துறையின் அளவுகோலே பொருந்தும். அதனால் அந்தக் குழு தனி மனுப் போட வழி இருக்கிறது என்கிறார் வழக்கறிஞர். ஆனால் மேடை நடிகையாகத் தனித்துத் தெரிவதற்கு ஆதாரம் வேண்டும். இப்போது கையில் இருப்பவை இரண்டு விமர்சனக் குறிப்புகளும் தமிழ் அமைப்பின் கடிதமும். இது போதாது என்பது என் கணிப்பு. வழக்கறிஞர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். குழு இன்னும் ஒத்திகைத் தேதி சொல்லவில்லை. அவர்கள் கேட்ட ஒட்டியாணமும் ராக்கொடியும் மட்டும் வாடகை ரசீதோடு போயிருக்கின்றன.